ஏழு பெண்கள், ஆகஸ்ட் விடுமுறை, கிராண்ட் கேன்யன்: இறங்கலாமா?

உவர்மலை ஆசிரியை எழுதியது:

வணக்கம். திருகோணமலையைச் சேர்ந்த நாங்கள் ஏழு பெண்கள், மூன்று ஆண்டுகளாகக் கதிர்காமப் பாதயாத்திரையைச் சேர்ந்தே நடந்து வருகிறோம். உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமணையையும் வியாழைக் காட்டையும் கடந்து கதிர்காமம் வரை, அரிசியும் பருப்பும் பாயும் சுமந்தபடி ஐந்தாறு நாட்கள் நடப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. எங்களில் நால்வர் ஆசிரியைகள். ஒருவர் வங்கியில் பணிபுரிகிறார். ஒருவர் என் தங்கை. ஏழாமவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான என் மச்சாள், அவருக்கு வயது 58.

சென்ற யாத்திரையின்போது கும்புக்கன் ஆற்றங்கரையில் சோறு வடித்துக்கொண்டிருந்த வேளையில், வங்கியில் பணிபுரியும் தோழி தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில், கொலராடோ ஆற்றங்கரையில், முதுகுப்பைகளுடன் நான்கைந்து பெண்கள் நிற்கும் படம் அது. அன்று விளையாட்டாகத் தொடங்கிய பேச்சு இப்போது சீட்டுக்காசு, கடவுச்சீட்டு என்று வளர்ந்துவிட்டது. தோழியின் தமக்கையார் பீனிக்ஸ் நகரில் வசிப்பதால் தங்குவதற்கும் வாகனத்துக்கும் குறைவில்லை. ஆனால் அவர் அந்தப் பள்ளத்தாக்கை விளிம்பிலிருந்து பார்த்திருக்கிறாரே தவிர, ஒருநாளும் உள்ளே இறங்கியவர் இல்லை.

ஆசிரியைகளுக்கு ஆகஸ்ட் விடுமுறையே வசதி. நாங்கள் அணுகிய பயண முகவர் ஒருவர், "அங்கே எல்லா வசதியும் இருக்கிறது, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் போதும்" என்று சொன்னார். அவர் சொன்ன விதமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆகவே நடந்து பார்த்தவர்களிடம் கேட்கிறேன். ஆகஸ்டில் போகலாமா? ஏழு பேரும் ஒன்றாகப் போக முடியுமா? காட்டு வெயிலில் நடந்த பழக்கம் பாலைவன வெயிலுக்குப் போதுமா? மச்சாளை அழைத்துச் செல்வது சரியா? "நான் வராவிட்டால் உங்களுக்கு யார் சமைப்பது?" என்று அவர் கேட்கிறார், அது தனிப் பிரச்சினை.

ரொறன்ரோவில் ஒரு திருமலையாள் எழுதியது:

தங்கச்சி, மாதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். ஆகஸ்ட் வேண்டாம். நான் இரண்டு முறை இறங்கியிருக்கிறேன், ஒருமுறை ஜூனில், ஒருமுறை ஒக்டோபரில். ஜூனில் போனது என் வாழ்க்கையில் செய்த மடத்தனங்களில் முதல் வரிசையில் நிற்பது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளத்தாக்கின் அடியில் சராசரிப் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். இரவிலும் சராசரியாக 24, 25 பாகைக்குக் கீழே இறங்காது. அத்துடன் ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை அங்கே மழைக்காலம். பிற்பகலில் திடீரென்று இடிமுழக்கத்துடன் மழை கொட்டும், சிற்றாறுகள் பெருக்கெடுக்கும். ஏப்ரலிலோ ஒக்டோபரிலோ போனால் அடியில் பகலில் 28, 29 பாகைதான் இருக்கும், அது நமக்குத் தைமாத வெயில். ஆனால் விளிம்பில் இரவு வெப்பம் பூச்சியத்தை நெருங்கும் என்பதால் கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை இருக்கிறது அல்லவா, அதைப் பயன்படுத்துங்கள்.

யாத்திரைப் பழக்கம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி போதும், மற்றப் பாதி உங்களை ஏமாற்றும். சேர்ந்து நடப்பது, மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில் எல்லோரும் நடப்பது, விடியுமுன் புறப்பட்டு வெயில் ஏறுமுன் நிழலில் ஒதுங்குவது, கிடைத்த இடத்தில் படுத்து எழுந்து மறுநாளும் சுமையைத் தூக்குவது ஆகியவற்றை விலைகொடுத்து வாங்க முடியாது. அவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் வியாழையில் ஏறக்குறையச் சமதரையில் நடக்கிறீர்கள். கிராண்ட் கேன்யனில் சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடம் ஏறத்தாழ 2,210 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அதாவது சிவனொளிபாதமலையின் உச்சிக்கு முப்பது மீற்றர்தான் குறைவு. அங்கிருந்து 11 கிலோமீற்றருக்குள் 1,450 மீற்றர் கீழே இறங்கி ஆற்றை அடைய வேண்டும். சிவனொளிபாதமலையில் களைத்தவர் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே களைத்தவர் ஏறித்தான் தீர வேண்டும். காலையில் குளிரில், புதிய கால்களுடன், சிரித்துக்கொண்டே இறங்குவீர்கள். நேரம் ஏற ஏற வெப்பம் கூடும், ஆழம் கூடக்கூட அது இன்னொரு மடங்கு கூடும். இவை இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் திரும்ப வேண்டிய ஏற்றம் தொடங்குகிறது.

வெயிலைப் பற்றி ஒரு விடயம். திருமலை வெயிலில் நமக்கு வியர்வை வழிகிறது, சட்டை முதுகில் ஒட்டுகிறது, அதனால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது தெரிகிறது. பாலைவனத்தில் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும். உடம்பு நனைவதில்லை, எனவே எவ்வளவு நீர் போனது என்பது தெரிவதில்லை. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் துவைத்துப் போட்ட சேலை கொடியில் எவ்வளவு விரைவாகக் காய்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கொடியில் தொங்குவது நீங்கள்தான். முதல் நாள் மாலையில் என் கறுப்புச் சட்டையின் தோள்பட்டை நெடுக வெள்ளை வெள்ளையாக உப்பு வரி படிந்திருந்தது, நான் வியர்க்கவேயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நாளில்.

தண்ணீர்: சவுத் கைபாப் பாதையில் ஒரு சொட்டும் கிடையாது. மிதமான காலத்திலும் ஆளுக்கு 4 லீற்றர் கொண்டு இறங்குங்கள், அதுவே 4 கிலோ. யாத்திரையில் ஆங்காங்கே பவுசரில் தண்ணீர் வைத்திருப்பார்கள், அந்த நம்பிக்கையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். திரும்பி ஏறும்போது பிரைட் ஏஞ்சல் பாதையில் வாருங்கள். அது ஏறத்தாழ 15 கிலோமீற்றர், நீளம் கூடியது, ஆனால் சரிவு குறைவு, இடையில் ஹவாசுபாய் கார்டன்ஸ் என்ற முகாமில் மரநிழலும் குழாய்நீரும் உண்டு. அந்தக் குழாய்நீர் வடக்குப் பக்கத்து ஊற்று ஒன்றிலிருந்து, 1960களில் பதித்த நீண்ட குழாய் வழியாக வருவது. அது அடிக்கடி உடைவதும் உண்டு. ஆகவே புறப்படும் நாளில் பூங்கா அலுவலகத்தில் நீர் நிலைமையைக் கேளுங்கள், நீரைச் சுத்திகரிக்கும் குளிசைகளையும் பையில் வைத்திருங்கள். ஆற்றங்கரையில் இரண்டு இரவு, ஹவாசுபாய் கார்டன்ஸில் ஒரு இரவு, மறுநாள் காலையில் மீதி 7 கிலோமீற்றர் ஏற்றம் என்று பிரித்துக்கொண்டால் உங்கள் குழுவுக்குப் பொருந்தும்.

அனுமதிச்சீட்டில்தான் உங்கள் ஏழு என்ற எண் இடிக்கப் போகிறது. உள்ளே இரவு தங்குவதற்குப் பூங்காவின் அனுமதி வேண்டும், அதற்கான குலுக்கல் நாலைந்து மாதங்களுக்கு முன்னரே நடந்துவிடும். ஆறு பேர் வரை சிறு குழு, ஏழு முதல் பதினொருவர் வரை பெருங்குழு. பெருங்குழுவுக்கான இடங்கள் ஒவ்வொரு முகாமிலும் ஒன்றோ இரண்டோ மட்டும் என்பதால் ஏழு பேருக்குக் கிடைப்பது ஆறு பேருக்குக் கிடைப்பதை விடப் பலமடங்கு கடினம். நால்வர், மூவர் என்று இரண்டு விண்ணப்பங்களாகப் போட்டு உள்ளே ஒன்றுசேரலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கு விதிகள் இடம்கொடுப்பதில்லை.

கடைசியாகப் பையைப் பற்றி. நீங்கள் தலையில் சுமந்து பழகியவர்கள். முதுகுப்பையின் பாரம் தோளில் நிற்கக்கூடாது, இடுப்பில் இறங்க வேண்டும். அளந்து வாங்குங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு தெரியும். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, பெருவிரல்கள் முதுகுப் பக்கம் நீட்டியிருக்க, அவற்றுக்கு நடுவே ஒரு கோடு இழுங்கள். கழுத்து எலும்பிலிருந்து அந்தக் கோடு வரை தையற்காரரின் நாடாவால் அளந்தால் வருவது உங்கள் முதுகின் நீளம். பைகள் அந்த அளவுக்குத்தான் விற்கப்படுகின்றன, ஆளின் உயரத்துக்கு அல்ல. என் கணவருடைய பையை நான் முதல் முறை கொண்டுபோனேன்; இடுப்புப் பட்டி தொடையில் நின்றது, தோளில் இரண்டு கிழமைக்கு ஆறாத காயம். சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும், கால் நகங்களை முதல் நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள். நான் வெட்டவில்லை. இறக்கத்தில் விரல்நுனி சப்பாத்தில் இடித்து இடித்து இரண்டு பெருவிரல் நகங்களும் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறி, தைப்பொங்கலுக்கு முன் இரண்டும் கழன்றுவிட்டன.

மூதூர், ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

மேலே எழுதிய சகோதரி தண்ணீரைப் பற்றிச் சொன்னதோடு உப்பைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தண்ணீரை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து வரும். வெயிலில் நடப்பவர் பயத்தில் வெறும் தண்ணீரையே லீற்றர் லீற்றராகக் குடித்து, உப்பாக எதையும் உண்ணாமல் விட்டால், குருதியிலுள்ள சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், வாந்தி, தடுமாற்றம் என்று வரும். முற்றினால் வலிப்பும் வரும். நீர் குறைந்தவருக்கும் இதே தலைவலியும் குமட்டலும் வருவதால் பக்கத்திலிருப்பவர் இன்னும் தண்ணீரைக் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடுவார். வேறுபடுத்திப் பார்க்க ஒரு வழி உண்டு: அவர் எவ்வளவு குடித்தார், எத்தனை முறை சிறுநீர் கழித்தார், அது எந்த நிறம் என்று கேளுங்கள். நிறையக் குடித்து, அடிக்கடி தெளிவான சிறுநீர் போய், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருந்தால், உப்பு குறைந்துவிட்டது என்று சந்தேகியுங்கள். வெறும் தண்ணீரை நிறுத்தி உப்பான உணவைக் கொடுத்து உதவிக்கு ஆளனுப்புங்கள். மோதிரங்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவதும் நல்லது.

நமக்குத் தெரிந்த ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் பைக்கற்றுகளை ஆளுக்கு ஆறேழு கொண்டுபோங்கள். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். இனிப்பில்லை என்று பாதி நீரில் கரைப்பதும், ருசிக்காகச் சீனி சேர்ப்பதும் கூடாது. ஒரு போத்தலில் ஜீவனி, மற்றதில் வெறும் நீர் என்று வைத்து மாறிமாறிக் குடியுங்கள். வறுத்த கச்சானும் உப்பிட்ட கடலையும் எப்போதும் கையெட்டும் பையில் இருக்கட்டும். பசி எடுக்கவில்லை என்று சொல்பவரை முதலில் கவனியுங்கள், வெப்பம் பசியைத்தான் முதலில் பறிக்கும். ஒருவர் பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால், சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னால், அது வெப்பத் தாக்கு என்று எண்ணி உடனே நிழலில் கிடத்தி, உடையோடு நனைத்து, விசிறுங்கள்; அந்த நேரத்தில் தண்ணீரைச் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

மச்சாளின் வயது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் என்ன குளிசை எடுக்கிறார் என்பதே என் கேள்வி. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைக் கூட்டும் வகைக் குளிசை எடுப்பவராயின், வெயில் நடையில் நீரும் உப்பும் இரண்டும் விரைவாகக் குறையும். தானாக நிறுத்தவும் கூடாது. கிளினிக்கில் பயண விவரத்தைச் சொல்லி மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். முழங்கால் வலி உள்ளவரென்றால் இரண்டு கைத்தடிகள் அவசியம். பாரத்தைக் குறைப்பதற்கும் ஒரு வழி உண்டு: கோவேறு கழுதைகள் விளிம்பிலிருந்து ஆற்றங்கரையிலுள்ள பாண்டம் ரான்ச் விடுதிக்குப் பைகளைச் சுமந்து செல்லும் ஏற்பாடு இருக்கிறது, ஒரு பைக்கு ஏறத்தாழ 13 கிலோ வரை, முன்பதிவு செய்ய வேண்டும். மூன்று பேருடைய கூடாரத்தையும் படுக்கையையும் அதில் அனுப்பிவிட்டால் மச்சாள் தண்ணீரும் மதிய உணவும் மட்டும் சுமந்து இறங்கலாம்.

பெண்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கோயில் யாத்திரைக்கு நாம் நாள் பார்த்துப் புறப்படுவோம், அந்த அனுமதிச்சீட்டின் தேதியோ நமக்காக நகராது. ஏழு பேரில் ஒருவருக்காவது மாதவிடாய் அந்த நான்கு நாட்களுக்குள் வரத்தான் செய்யும், எனவே எல்லோரும் ஆயத்தமாகப் போங்கள். பயன்படுத்தியவற்றைப் புதைக்கவும் கழிப்பறையில் போடவும் கூடாது, சுமந்து மேலே கொண்டுவர வேண்டும். கறுப்புப் பொலித்தீன் பைக்குள் சிறிது தேயிலைத்தூளைப் போட்டு இறுக்கிக் கட்டினால் வாடை வராது. நாளைத் தள்ளிப்போடும் குளிசையைக் கூட்டாளி சொன்னார் என்று பாமசியில் வாங்கிப் போடாதீர்கள். நீண்ட விமானப் பயணமும் சேரும்போது காலில் குருதி உறைவது சிலருக்கு ஆபத்தாக முடியும், மருத்துவரைக் கேட்டே முடிவெடுங்கள்.

நிலாவெளி வாசகர் எழுதியது:

என் மனைவியும் இந்தக் குழுவில் ஒருவர் என்று நினைக்கிறேன். வீட்டில் எனக்கு இன்னும் ஒன்றும் சொல்லப்படவில்லை.

கிண்ணியாச் சகோதரி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கணவரின் தொழில் காரணமாக ஒன்பது ஆண்டுகள் ஓமானில் இருந்தேன். அமெரிக்கா வரை போவதற்கு முன், உங்களுக்குப் பாலைவனப் பள்ளத்தாக்கு பிடிக்கிறதா என்று பார்க்க ஜெபல் ஷம்ஸ் மலைக்கு ஒருமுறை போய்வாருங்கள் என்பது என் யோசனை. வாதி நக்ர் என்ற பள்ளத்தாக்கு அங்கே ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. அதன் விளிம்பை ஒட்டிப் பாறையில் செதுக்கினாற்போன்ற ஒரு பழைய பாதையில், கைவிடப்பட்ட ஒரு கிராமம் வரை, போக நாலு வர நாலு கிலோமீற்றர் நடக்கலாம். வீடுகள் பாறைக்குடைவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, தோட்டப் படிகளும் இருக்கின்றன, ஆள் மட்டும் இல்லை. பிள்ளைகளோடு நடந்தோம், கூடாரம் தேவைப்படவில்லை. விளிம்பைப் பார்த்தால் தலைசுற்றும் என்பவர் யாராவது குழுவில் இருந்தால், அதை மலிவாக அறிந்துகொள்வதற்கு அது போதும்.

உடையைப் பற்றி எல்லோரும் தயங்குவதைக் கண்டிருக்கிறேன், இறுக்கமான விளையாட்டுடை கட்டாயமோ என்று. கட்டாயமே இல்லை. தளர்வான, முழுக்கை, வெளிர்நிறப் பருத்திச் சட்டையும் தளர்வான காற்சட்டையும் தலையை மூடும் துணியும்தான் பாலைவனத்தில் ஆயிரமாண்டுகளாக உடுத்துவது. தலைத்துணியை ஓடையில் நனைத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டால் அது காயும்வரை ஒரு குளிர்ச்சி இருக்கும். ஆனால் அதே பருத்தி விளிம்பின் இரவுக் குளிரில் நனைந்திருந்தால் எதிரி, மாலைக்கு வேறு உடை வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வானம் நீலமாக இருக்கிறது என்று ஒடுங்கிய பள்ளங்களுக்குள் நுழையாதீர்கள். அரிசோனாவில் அண்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தினுள் 1997 ஆகஸ்ட் 12இல் பதினொருவர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது மேற்புறத்தில் பல கிலோமீற்றர் தொலைவில். படம் எடுக்க அழகான இடம் என்பதால் பீனிக்ஸ் தமக்கையார் திரும்பும் வழியில் அங்கேயும் கூட்டிச்செல்லக்கூடும். இப்போது வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை. வழிகாட்டி இன்று வேண்டாம் என்று சொன்னால் வாதாடாதீர்கள்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசான் எழுதியது:

தங்கைமாரே, வெப்பத்தைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளிம்பில் நீங்கள் மிதிக்கும் வெளிர்ச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 27 கோடி ஆண்டு வயதுடையது. அடியில் ஆற்றை நெருங்கும்போது சுவர் இரண்டும் ஒடுங்கி, கல் கறுக்கும். அது ஏறத்தாழ 175 கோடி ஆண்டு வயதுடைய கரும்பாறை. பகல் முழுதும் வெயிலைக் குடித்து இரவு முழுதும் திருப்பி விடும். பாதை நுழையும் அந்தக் கரும்பாறை சூடேறுவதற்கு முன், காலை பத்து மணிக்குள் முகாமை அடைந்துவிடும்படி புறப்பாட்டைக் கணக்கிட்டால் நல்லது. வெப்பகாலத்தில் பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் நடக்க வேண்டாம் என்றே பூங்காவினரும் சொல்கிறார்கள்.

அந்தக் கரும்பாறைக்குப் பெயர் விஷ்ணு. கோணேசர் ஊரார் கேட்டுச் சிரிப்பீர்கள், எதிரே நிற்கும் குன்றுகளுக்குச் சிவன் கோயில், விஷ்ணு கோயில், பிரம்மா கோயில் என்று பெயர். கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் 1880களில் இந்தப் பாணியில் பெயர்சூட்டத் தொடங்கினார். அங்கே கோபுரமும் இல்லை, பூசையும் இல்லை. மச்சாள் கற்பூரம் கொளுத்த எண்ணினால், நெருப்பு மூட்டுவதற்குத் தடை என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பெண்கள் அங்கே புதியவர்கள் இல்லை. நீங்கள் கடந்துபோகும் பாண்டம் ரான்ச் விடுதியை 1922இல் வடிவமைத்தவர் மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர். எல்சாடா குளோவர், லோயிஸ் ஜொட்டர் என்ற இரு தாவரவியலாளர்கள் 1938இல் படகில் அந்தப் பள்ளத்தாக்கு நெடுகிலும் ஆற்றில் பயணித்து, கரையோரத் தாவரங்களைச் சேகரித்துத் திரும்பினார்கள். பெண்களால் முடியாது என்று அப்போது சொன்னவர்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்கும் முன்பே அங்கே வாழ்ந்து, இன்றும் வாழ்ந்துவரும் ஹவாசுபாய் மக்களின் பெயரைத்தான் 2022இல் ஹவாசுபாய் கார்டன்ஸ் முகாமுக்கு இட்டார்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். நம் ஊரில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் அது துறைமுக வாயிலுக்கு வெளியே கடலுக்கடியில், 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில்; திமிங்கிலங்கள் கரையை இவ்வளவு அண்டி வருவது அதனால்தான். அது உங்களுக்கு உதவாது. கோணேசர் கோயில் ஏற்றம்தான் கதி. பிரட்றிக் கோட்டை வாயிலிலிருந்து சுவாமிமலை உச்சி வரை, பாரத்தோடு, நாளுக்கொரு முறை, பின் இரண்டு முறை, பின் நாலு முறை ஏறி இறங்குங்கள். மலையேறுவோர் சிலர் பையில் தண்ணீர் நிரப்பி ஏறி, முழங்காலைக் காக்க உச்சியில் ஊற்றிவிட்டு இறங்குவார்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடாது, உங்களுக்குப் பாரத்தோடு இறங்கும் பயிற்சியே தேவை. தண்ணீருக்குப் பதில் அரிசியைச் சுமந்தால் ஊற்றிவிட மனம் வராது. மாசியில் ஒருமுறை சிவனொளிபாதமலைக்குப் போய், இறங்கும் படிகளில் முழங்கால் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவில் ஒரு திருமலையாள் எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டேன். யாத்திரையில் யானைக்குப் பயந்து படுத்த நீங்கள் அங்கே அணிலுக்குப் பயப்பட வேண்டும். அணிற்பிள்ளை என்று கையில் உணவு நீட்டினால் விரலோடு கடிக்கும், பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால் ஓட்டை போட்டுவிடும். முகாமில் உணவு வைக்க இரும்புப் பெட்டி இருக்கிறது, மணம் உள்ள எல்லாவற்றையும், பற்பசை உட்பட, அதற்குள் பூட்டுங்கள். காலையில் சப்பாத்தை உதறிவிட்டே காலை நுழையுங்கள், தேள் இருக்கும்.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

பதிலெழுதிய எல்லோருக்கும் நன்றி. அனைத்தையும் அச்செடுத்து ஞாயிறன்று என் வீட்டு விறாந்தையில் வைத்து ஏழு பேரும் வாசித்தோம். ஆகஸ்ட் கைவிடப்பட்டது. சித்திரை விடுமுறைக்குப் பெருங்குழுவாகவே விண்ணப்பிப்பது என்றும், கிடைக்காவிட்டால் ஒருவரைக் கழித்து ஆறு பேராகப் போகாமல் மறுபடி ஒக்டோபருக்கு விண்ணப்பித்து, விடுப்புக்கு அப்போது அதிபரின் காலில் விழுவது என்றும் முடிவு. முகவருக்குக் கொடுத்த முற்பணம் திரும்பி வராது போலிருக்கிறது. அது அந்த ஒரு போத்தல் தண்ணீரின் விலை என்று எழுதிக்கொண்டோம்.

மச்சாளின் குளிசை, தாதி அம்மா சொன்ன அதே வகைதான். அடுத்த கிளினிக் நாளில் நானும் கூடப் போகிறேன். வாசித்து முடித்ததும் அவர், "நான் மேலே தமக்கையாரோடு இருந்துவிடுகிறேன், நீங்கள் போய்வாருங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து தேநீர் போடப் போனார். நாங்கள் யாரும் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, பயிற்சியின் முதல் நாளுக்காகக் கோட்டை வாயிலில் கூடியபோது, அவர் எங்களுக்கு முன்னரே அங்கே நின்றிருந்தார். முதுகில் என் மகனின் பள்ளிக்கூடப் பை, அதற்குள் பத்துக்கிலோ சிவப்பரிசி. இரண்டு முறை ஏறி இறங்கினோம், இரண்டு முறையும் அவரே முன்னால். இரண்டாம் முறை இறங்கும்போதுதான் கவனித்தோம், பையின் அடித்தையல் விட்டு அரிசி கோடாகக் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறது, கோட்டை மான்கள் ஐந்தாறு தலையைக் குனிந்தபடி பொறுக்கிக்கொண்டே எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தன.

ரொறன்ரோ அக்காவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: அடுப்புக்கான எரிவாயுவை விமானத்தில் கொண்டுபோக முடியாது என்று தெரிகிறது. அங்கே வாங்கிக்கொள்வதா, அல்லது மச்சாள் சொல்வதுபோல் நான்கு நாளும் பொரிவிளாங்காயும் சமபோஷ உருண்டையுமாகச் சமாளித்துவிடலாமா?